சர்வரில் ப்ராசஸரைக் கழற்றும்போது சாக்கெட்டைக் கவனியுங்கள்

சர்வரில் ப்ராசஸர் மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் பொருத்துவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும், நடுவில் ஒரு பொட்டா, குறுக்கே ஒரு கோடா, எந்த பிராண்டு நல்லது என்று விவாதம் நீண்டுகொண்டே போகும். கழற்றுவதற்கு மட்டும் ஒரே வரி: "பழசை எடுத்துட்டு...". நான் பார்த்தவரை மதர்போர்டுகள் சாவது அந்த ஒரு வரிக்குள்தான். அதனால் இந்தப் பதிவில் கழற்றுவதை மட்டும் எழுதுகிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் எனக்கு நிம்மதி.

முதலில் ஒன்று. விலையைப் பார்த்து எல்லாரும் ப்ராசஸருக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இடம் மாறிப் போனது. 2004-இல் இன்டெல் எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது பின்கள் ப்ராசஸரை விட்டு மதர்போர்டுக்குப் போய்விட்டன. 2006-இல் ஏஎம்டியும் ஆப்டெரான் சர்வர்களில் அதே வழிக்கு வந்தது. இன்றைய சர்வர் ப்ராசஸரின் அடிப்பக்கம் தட்டையானது, தங்க முலாம் பூசிய புள்ளிகள் மட்டும்தான். தவறி விரல் பட்டால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடலாம். சாக்கெட்டில் இருப்பதோ மயிரிழை போன்ற வளைந்த ஸ்பிரிங்குகள். எல்ஜிஏ 3647 என்றால் 3647 ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்கிறது. அதில் ஒன்று வளைந்தாலும் பிரச்சினைதான். சாக்கெட் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டது, தனியாகப் பிடுங்கி மாற்ற நம் மேஜையில் வழியில்லை. போர்டையே மாற்ற வேண்டும். பின் வளைந்த போர்டுக்கு வாரண்டி கேட்டுப் போனால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள்.

ஆகவே கழற்றும்போது மனதில் ஓட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நொடியில் ப்ராசஸர் யார் பிடியில் இருக்கிறது? ஹீட் சிங்க்கின் பிடியிலா, போர்டின் பிடியிலா? நான் தூக்கினால் அது கூடவே வருமா, அங்கேயே நிற்குமா? இதற்குப் பதில் தெரியாமல் எதையும் தூக்கக் கூடாது.

பதில் சர்வருக்குச் சர்வர் மாறும் என்பதுதான் சிக்கல். 2017 ஜூனில் ஏஎம்டி எபிக் வரிசையை வெளியிட்டது. அடுத்த மாதமே இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் வரிசையை வெளியிட்டது. ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் நேரெதிர். ஜியானின் எல்ஜிஏ 3647 சாக்கெட்டில் லீவர் கிடையாது. ப்ராசஸரை ஒரு பிளாஸ்டிக் க்ளிப்பில் மாட்டி, அந்த க்ளிப்பை ஹீட் சிங்க்கின் அடியில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே உருப்படி. ஹீட் சிங்க்கைத் தூக்கினால் ப்ராசஸரும் கூடவே வரும், வந்தாக வேண்டும். எபிக்கின் எஸ்பி3 சாக்கெட்டில் ப்ராசஸரை ஒரு இரும்புச் சட்டம் மூன்று ஸ்க்ரூவால் போர்டோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஹீட் சிங்க்கைத் தூக்கினாலும் ப்ராசஸர் அங்கேயே நிற்கும். அதற்கு முந்தைய எல்ஜிஏ 2011 ஜியான்களில் இரண்டு லீவர் வைத்த மூடி இருந்தது. அங்கேயும் ப்ராசஸர் போர்டின் பிடியில்தான். பழைய 2011-இல் பழகிய கை 3647-க்கு வரும்போது, "ஹீட் சிங்க்தானே, எடுத்துடலாம்" என்று நினைத்துவிடுகிறது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

சர்வரின் மூடியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. புது ப்ராசஸர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது என்றால், பழைய ப்ராசஸர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். 2017-இன் ஸ்கைலேக் போர்டில் 2019-இன் காஸ்கேட் லேக் ப்ராசஸர் உட்காரும், ஆனால் பழைய பயாஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளாது. இதைக் கழற்றிய பிறகு கண்டுபிடித்தால் பழையதைத் திரும்பப் பொருத்திவிட்டு மறுபடி கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சாக்கெட்டுக்கு ஆபத்து என்பதால் முறைகளைக் குறைப்பதே பாதி பாதுகாப்பு.

அதன்பின் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை வேறு சர்வருக்கு நகர்த்திவிட்டு, முறையாக ஷட் டவுன். ரேக்கில் ஒரே மாதிரி முகம் கொண்ட சர்வர்கள் வரிசையாக இருக்கும். மேனேஜ்மென்ட் பக்கத்திலிருந்து அடையாள விளக்கை எரிய விடுங்கள், முன்னாலும் பின்னாலும் நீலமாக ஒளிரும். பின்பக்கம் போய் அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் பவர் கார்டில் கை வைக்க வேண்டும். இரண்டு பவர் சப்ளை என்றால் இரண்டு கார்டையும் பிடுங்க வேண்டும். ஒரு கார்டு மிச்சமிருந்தாலும் போர்டில் ஸ்டான்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் மேனேஜ்மென்ட் சிப் உயிரோடு இருப்பது அதனால்தான். இரண்டையும் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கபாசிட்டர்களில் தங்கிய கொஞ்சநஞ்சமும் வடிந்துவிடும். போர்டில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது.

இனி நிலைமின்சாரம். சென்னையில் வேலை செய்கிறவர்கள், "நம்ம ஊர்ல இருக்கிற ஈரக்காற்றுக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளியே சரி. டேட்டா சென்டருக்குள் ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, உள்ளே நீங்கள் நிற்பது வேறு ஊர். விரல் நுனியில் சுரீர் என்று நமக்குத் தெரிவதற்கே சுமார் 3000 வோல்ட் வேண்டும். சிப்புக்கு உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டருக்கு அதில் மிகச் சிறிய பங்கு போதும். அதாவது நமக்கு ஒன்றும் தெரியாமலே சிப் சேதமாகலாம். அன்றைக்கே சாகாமல் சில மாதம் கழித்துக் காரணமே தெரியாமல் தொல்லை கொடுக்கவும் செய்யும். எனவே மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். அதன் க்ளிப்பைப் பெயின்ட் அடிக்காத வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். நீங்களும் சர்வரும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் உங்களுக்கு நடுவே எதுவும் பாயாது, பட்டை செய்வது அதைத்தான். அந்த வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. தவறி மின்சாரத்தில் கை பட்டால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பட்டை இல்லையென்று சாதாரண வயரைக் கையில் சுற்றிக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சர்வரை ரெயிலில் இழுத்து வைத்துக்கொண்டே வேலை பார்ப்பதைவிட மேஜைக்குக் கொண்டுவருவது நல்லது. இரண்டு பேராகத் தூக்குங்கள். மூடியைத் திறந்ததும் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். அந்த மாடலுக்கான கழற்றும் வரிசை படத்தோடு பெரும்பாலும் அங்கேயே ஒட்டியிருக்கும். காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மறைப்பை மேலே தூக்கி எடுத்தால் ஹீட் சிங்க்குகள் தெரியும். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முக்கியம், தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. சாக்கெட் மூடி, அதாவது புது போர்டோடு வரும் அந்தப் பிளாஸ்டிக் மூடி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ப்ராசஸரை வெளியே எடுத்த பிறகு மூடியைத் தேடிக்கொண்டு அலைவது ஆபத்து.

ஹீட் சிங்க் எவ்வளவு ஆறியிருக்க வேண்டும்? ஜியான் பிளாட்டினம் 8180 போன்றவை 205 வாட் ப்ராசஸர்கள். இப்போது ஓடி நின்ற ஹீட் சிங்க்கைத் தொட்டால் சுட்டுவிடும். ஆனால் முழுக்கக் குளிர விடுவதும் நல்லதில்லை. குளிர்ந்த பேஸ்ட் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும், வெதுவெதுப்பில் இளகிக் கொடுக்கும். பல வருஷம் ஓடிய சர்வர் என்றால் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், அதற்கு இந்தச் சூடு ரொம்பவே உதவும். விரலை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவு சூடு இருந்தால் சரியான நேரம்.

இப்போது 3647-ஐ எடுத்துக்கொள்வோம். வேண்டியது டி30 டார்க்ஸ் டிரைவர். சாதாரண நட்சத்திர டிரைவரை வைத்து முயற்சி செய்தால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். அதன்பின் அந்த ஹீட் சிங்க்கை நிம்மதியாகக் கழற்ற முடியாது. பெரும்பாலான ஹீட் சிங்க்குகளில் நான்கு ஸ்க்ரூ, பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். இறுக்குவது ஒன்றிலிருந்து நான்கு, தளர்த்துவது நான்கிலிருந்து ஒன்று. எண்கள் எதிரெதிர் மூலைகளாக அமைந்திருக்கும், கார் சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்துகிற மாதிரி.

ஏன் இந்த வரிசை? நான் மேலே சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள், இந்தச் சாக்கெட்டில் லீவர் இல்லை. 3647 ஸ்பிரிங்குகளையும் அழுத்திப் பிடித்திருப்பதே ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்கள்தான். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகத் தளர்த்திவிட்டால் அந்தப் பக்கம் மேலெழும்பி, மறுபக்கம் ப்ராசஸரின் விளிம்பு ஸ்பிரிங்குகளின் மேல் சாய்ந்து அழுத்தும். ஆகவே ஒரே மூச்சில் எந்த ஸ்க்ரூவையும் கழற்றிவிடாமல், எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை இறக்குவதே பாதுகாப்பு. மாடலின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். டெல் ஆர்740-இல், எடுத்துக்காட்டாக, இரண்டு ஸ்க்ரூவும் இரண்டு நீல க்ளிப்பும்தான் இருக்கும். முதல் ஸ்க்ரூவை மூன்று சுற்று, அப்புறம் இரண்டாவதை முழுதாக, பிறகு முதலாவதுக்குத் திரும்பி வந்து முழுதாக என்பது அதன் முறை. நடுவில் ஹீட் சிங்க் நீல க்ளிப்பிலிருந்து வழுக்கி மேலே வந்தால் பதறாதீர்கள், அப்படித்தான் அது வரும். டிரைவரைச் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக, கையால் மட்டும். பேட்டரி டிரைவர் இந்த இடத்துக்கே வரக் கூடாது. 2020-இல் வந்த எல்ஜிஏ 4189-லும் அதற்குப் பின் வந்த 4677-லும் ஸ்க்ரூவோடு கூட, ஹீட் சிங்க் சாயாமல் பிடிக்கும் கம்பிகள் நான்கு மூலையிலும் இருக்கும். ஸ்க்ரூ தளர்ந்ததும் அவற்றை உள்பக்கமாக மடக்கினால்தான் ஹீட் சிங்க் விடுபடும்.

எல்லாம் தளர்ந்தாயிற்று. தூக்கும் நேரம். இரண்டு கைகளால், எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து, நேர் மேலே. தகடுகளைப் பிடித்துத் தூக்காதீர்கள், வளையும், விரலையும் கிழிக்கும். இங்கே ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்க்கை இடவலமாக லேசாகத் திருகி எடுப்பது நல்ல பழக்கம் என்று கற்றிருப்போம். 3647-இல் அதைச் செய்யவே கூடாது. ப்ராசஸர் ஹீட் சிங்க்கோடு ஒட்டியிருக்கிறது, நீங்கள் திருகினால் அதுவும் திரும்பும், அடியில் இருப்பது ஸ்பிரிங்குகள். பக்கங்களில் தடிமனில் மாறுபட்ட வழிகாட்டித் தண்டுகள் ஓரளவுக்குத் தடுக்கும், அவற்றை நம்பி விளையாடக் கூடாது. நேர் மேலே வராமல் எங்கேயாவது பிடிப்பது போலத் தோன்றினால் இழுக்காதீர்கள், ஏதோ ஒரு ஸ்க்ரூ முழுதாக விடுபடவில்லை. கீழே வைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

மேலே வந்ததும் உடனே புரட்டுங்கள், ப்ராசஸர் மேல்பக்கம் பார்க்கும்படி. ப்ராசஸர் அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். க்ளிப் விட்டுவிட்டு அது சாக்கெட்டிலேயே நின்றுவிட்டிருந்தாலோ, பாதி தொங்கிக்கொண்டிருந்தாலோ தெரிய வேண்டியது இந்த நொடியில். அப்புறம், வேறு எந்த வேலைக்கும் முன்னால், சாக்கெட்டுக்கு மூடி. திறந்து கிடக்கும் சாக்கெட்டின் மேல் ஒரு ஸ்க்ரூ விழலாம், சட்டைக் கை உரசலாம், பேஸ்ட் சொட்டலாம். துணி ஒரு ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு இழுத்தாலே போதும். "ஒரு நிமிஷம்தானே" என்று விடப்பட்ட சாக்கெட்டுகள்தான் அதிகம் கெட்டுப்போயிருக்கின்றன.

ப்ராசஸரை ஹீட் சிங்க்கிலிருந்து பிரிப்பது இனி மேஜைமேல், அவசரமில்லாமல். க்ளிப்பின் ஓரத்தில் இதற்கென்றே ஒரு வெட்டு இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதில் நுழைத்துத் திருகினால் பேஸ்டின் பிடி விடும். நெம்பக் கூடாது, திருகத்தான் வேண்டும். நெம்பினால் ப்ராசஸரின் பச்சைப் பலகையின் ஓரம் வளைகிறது. புதிய தலைமுறைகளில் இதற்காகவே க்ளிப்பில் ஒரு சின்ன லீவர் வைத்துவிட்டார்கள், கட்டைவிரலால் தூக்கினால் பேஸ்ட் விட்டுவிடும். எனக்கு அந்த லீவர் மிகவும் பிடிக்கும். யாரோ ஒரு பொறியாளர் நம் கையை நினைத்துப் பார்த்து அதை வைத்திருக்கிறார். அதன்பின் க்ளிப்பின் மூலைப் பிடிகளை விடுவித்து, ப்ராசஸரை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்து, அதற்குரிய பிளாஸ்டிக் தட்டில் வைத்து மூடுங்கள். தட்டு இல்லையென்றால் நிலைமின்சாரம் தடுக்கும் உறை. மூலையில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எபிக்கில் கதை வேறு. முதலில் ஹீட் சிங்க். இங்கே ப்ராசஸர் இரும்புச் சட்டத்தின் பிடியில் இருப்பதால், ஸ்க்ரூக்கள் எல்லாம் விட்டபின் ஹீட் சிங்க்கை இடவலமாகச் சில மில்லிமீட்டர் அசைத்துப் பேஸ்டை விடுவிக்கலாம். பிறகு சட்டம்: டி20 டிரைவர், மூன்று ஸ்க்ரூ, 3, 2, 1 என்ற வரிசை. கடைசி ஸ்க்ரூ விடும்போது சட்டம் ஸ்பிரிங்கால் எழும்பப் பார்க்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே விடுங்கள். அடியில் இன்னொரு மெல்லிய ரெயில் சட்டம். அதன் இரு காதுகளையும் பிடித்துத் தூக்கினால் அதுவும் திறக்கும். ப்ராசஸர் ஒரு பிளாஸ்டிக் தாங்கியில், அந்த ரெயிலுக்குள் சொருகியபடி இருக்கும். தாங்கியின் நுனியைப் பிடித்து ரெயில் வழியாகவே வெளியே இழுக்க வேண்டும். தாங்கியிலிருந்து ப்ராசஸரைத் தனியாகப் பிரிக்கவே வேண்டாம். மிகப் பெரிய சிப், கனமும் அதிகம். 4094 ஸ்பிரிங்குகளின் மேல் அது விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது என்பதால்தான் இந்த ரெயில் ஏற்பாடு. எனக்கு இரண்டில் இதுதான் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் ப்ராசஸர் எதன் பிடியில் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

எபிக்கை விற்கவோ வேறு சர்வருக்கு மாற்றவோ கழற்றுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்களின் சர்வர்களில் பாதுகாப்புக்காக ப்ராசஸரை அந்த நிறுவனத்தின் பயாஸோடு நிரந்தரமாகப் பூட்டிவிடும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அப்படிப் பூட்டப்பட்ட சிப் வேறு நிறுவனத்தின் போர்டில் உயிர் பெறாது. பழைய சந்தையில் வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பேஸ்டைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் நார் உதிராத துணியும் போதும். துடைப்பதைச் சாக்கெட்டுக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

இரண்டு ப்ராசஸர் சர்வரில் இரண்டாவதை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டப் போகிறீர்களா? அதனோடு சேர்ந்த ரேம் ஸ்லாட்டுகளும், அதிலிருந்து போகும் பிசிஐ ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது. நெட்வொர்க் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காலியான சாக்கெட்டுக்கு மூடியும், அந்த மாடல் கேட்டால் ஹீட் சிங்க் இடத்தில் போலித் தடுப்பும் வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று அந்த வெற்றிடம் வழியாகவே போய்விடும், மிச்சமிருக்கும் ப்ராசஸர் கொதிக்கும்.

சாக்கெட் மூடியை எடுத்து அடுத்த ப்ராசஸரைப் பொருத்துவதற்கு முன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள். எல்லா ஸ்பிரிங்கும் ஒரே கோணத்தில் இருப்பதால் வெளிச்சம் பட்டதும் ஒரே சீராக மின்னும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் மினுக்கம் வயல்காற்று போல ஒரே அலையாக நகர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கருப்பாகவோ அதிகப் பளிச்சென்றோ தெரிந்தால் அங்கே ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தூசி உட்கார்ந்திருக்கிறது. போட்டோ எடுத்து, விவரம் எழுதிவைத்து, அந்தப் போர்டை ஒதுக்கிவிடுங்கள். ஊசியை வைத்து நிமிர்த்தும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அடுத்தவருடைய தரவு ஓடுகிற சர்வரில் அந்த வித்தையை நான் ஆதரிக்க மாட்டேன்.

புதியதைப் பொருத்தி ஓடவிட்ட பிறகு ரேமின் மொத்த அளவைப் பாருங்கள், ப்ராசஸர் தெரிகிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்கைலேக் ஜியானில் ஒரு ப்ராசஸருக்கு 6 மெமரி சேனல். அதில் ஒன்று காணாமல் போனால் முதலில் ரேம் குச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஹீட் சிங்க்கின் அழுத்தம் ஒரு பக்கம் குறைந்து அங்கிருக்கும் ஸ்பிரிங்குகள் சரியாகத் தொடவில்லை. மறுபடி மின்சாரத்தைத் துண்டித்து, 4-இலிருந்து 1 வரை தளர்த்தி, 1-இலிருந்து 4 வரை 12 அங்குல-பவுண்டு முறுக்கில் இறுக்கிப் பாருங்கள். பல நேரம் தொலைந்த சேனல் அதோடு திரும்பி வந்துவிடும். வரவில்லையென்றால் ஹீட் சிங்க்கை மறுபடி தூக்க வேண்டும், டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.